கர்லா சுற்றிய வேலனுக்கு நான் தராத எண்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஆறு பேர் பாய் விரித்து உட்காருவோம். நடுவில் ஒரு தட்டில் டைஸ், ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு ஷீட். ஐந்து பேர் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுவார்கள். அந்த உலகத்தையும் அதில் வரும் மற்ற எல்லாரையும் நான் பார்த்துக்கொள்வேன். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது இதுதான். ஜிஎம், அதாவது கேம் மாஸ்டர், வேலை என்னுடையது. சித்திரை, வைகாசி வெயிலில் வேலூர் மாடித் தரையில் ஆறு மணிக்கு முன்னால் கால் வைக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் ஏழு மணிக்குத்தான் ஆரம்பிப்போம்.

கதாபாத்திரம் அனுபவம் பெற்று வளர்கிறது. அப்போது அதன் அடிப்படை எண்களும் ஏற வேண்டுமா? பலம், தாங்கும் சக்தி, சுறுசுறுப்பு, புத்தி என்று ஷீட்டின் மேல்பக்கத்தில் எழுதும் எண்களை நாங்கள் ஸ்டாட் என்போம். கத்தி வீசுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, குதிரை ஓட்டுவது எல்லாம் ஸ்கில். ஸ்கில் ஏறுவதில் யாருக்கும் சண்டை இல்லை. ஸ்டாட் ஏறலாமா என்ற கேள்வியைச் சரியாகக் கையாளத் தெரியாமல் ஒரு நல்ல ஆட்டக்காரனை நான் இழக்கப் பார்த்தேன். புதிதாக ஜிஎம் ஆகிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

2019-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஆரம்பித்தோம். 2014-ல் வந்த பதிப்பு அது. அதில் பெரும்பாலான கதாபாத்திரங்களுக்கு 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் ஸ்டாட் ஏறும். ஒரே ஸ்டாட்டில் இரண்டு போடலாம், அல்லது இரண்டு ஸ்டாட்டில் ஒவ்வொன்று. உச்சவரம்பு 20. ஜிஎம் அனுமதித்தால் இதற்குப் பதிலாக ஃபீட் என்ற தனித்திறமை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

நாலாவது லெவல் வந்த அன்று எல்லாரும் சந்தோஷமாகத்தான் பென்சிலை எடுத்தார்கள். ஐந்து பேரும் தங்களுக்கு முக்கியமான ஒரே ஸ்டாட்டில் இரண்டையும் போட்டார்கள். எட்டாவது லெவலிலும் அதையேதான் செய்தார்கள். 16-ல் ஆரம்பித்தவர்கள் 20-ல் வந்து நின்றார்கள். வேடிக்கையான ஃபீட்கள் எத்தனையோ இருந்தும் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பலசாலி எல்லாம் ஒரே மாதிரி பலசாலி, புத்திசாலி எல்லாம் ஒரே மாதிரி புத்திசாலி. ஷீட்டை மாற்றிக் கொடுத்தாலும் தெரிந்திருக்காது.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் பெண் ஒருத்தி எங்களோடு ஆடுகிறாள். கணக்கில் கெட்டி. அவள்தான் முதலில் சொன்னாள்: “அக்கா, ஏறுன மாதிரியே இல்ல.” கணக்குப் போட்டும் காட்டினாள். ஸ்டாட் இரண்டு ஏறினால் ரோலில், அதாவது டைஸ் உருட்டி வரும் எண்ணில், ஒன்று கூடும். இருபது முக டைஸில் ஒன்று என்பது 5 சதவீதம். ஒரு ஞாயிறு முழுக்க ஒருவர் இருபது தடவை உருட்டினால், சராசரியாக ஒரே ஒரு தடவைதான் அந்த ஒன்று முடிவை மாற்றும். எந்தத் தடவை மாற்றியது என்று அவருக்கே தெரியாது. இதற்குள் எதிரிகளின் எண்களையும் நான் ஏற்றியிருப்பேன். நாலு மாதம் காத்திருந்து வாங்கிய ஏற்றம் கைக்கு எட்டவே இல்லை.

சரி, ஏறவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்குள் ஊரடங்கு வந்து ஆட்டம் நின்றுபோனது. 2022-ல் மறுபடி கூடியபோது ஆறு முக டைஸ் மூன்றை வைத்து எளிமையான விதிகளை நானே எழுதினேன். ஆறு முக டைஸ் என்றால் லாங் பஜாரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், தொலைந்தாலும் கவலை இல்லை. மூன்றையும் உருட்டிக் கூட்டு. உன் ஸ்டாட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் வெற்றி. முதல் நாள் உருட்டிய ஸ்டாட் கடைசி நாள் வரை மாறாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் மூன்று டைஸ் உருட்டி ஆறு ஸ்டாட் எழுதினார்கள். லெவல் ஏறினால் ஸ்டாட் ஏறும் என்ற விதி அதில் கிடையாது. 1977-ல் வந்த டிராவலர் என்ற ஆட்டத்தில் 34 வயதைத் தாண்டினால் உடம்பின் ஸ்டாட் இறங்கவே ஆரம்பிக்கும். நாலு லெவலுக்கு ஒரு தடவை ஒன்று கூடும் என்ற ஒழுங்கான விதி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வந்தது 2000-ல், மூன்றாம் பதிப்பில். ஆக, ஸ்டாட் அசையாமல் நிற்பதுதான் மூத்த பழக்கம்.

எங்கள் குழுவில் அணைக்கட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் மாடு விடும் விழாவுக்குக் காளை வளர்க்கிறார்கள். தைப் பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு பக்கமும் சனம் நிற்க, நடுத்தெருவில் காளையை ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த விநாடியில் கடக்கும் காளைக்குப் பரிசு. அவர் என் விதியை ஒரேயடியாக ஆதரித்தார். “ஓட்டம் பொறப்புலயே இருக்கணும்மா. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை போட்டு, நீச்சல் வுட்டு, தெனம் நடத்திக்கினு போனா நேரம் கொஞ்சம் கொறையும். அதுக்குன்னு ஏர் மாடு ஓட்ட மாடா ஆயிடுமா?” நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் ‘நேரம் கொஞ்சம் குறையும்’ என்ற பாதியை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

இந்த ஆட்டத்தின் கதையை நம் ஊரிலேயே வைத்தோம். காலம் 1799. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவருகிற நேரம். 1806 ஜூலை 10-ல் கோட்டையில் சிப்பாய்கள் எழும் நாள்வரை ஏழு வருடக் கதை. வாணியம்பாடி பாய் ஒருவர் காதர் என்ற குதிரை வியாபாரியாக ஆடினார். அணைக்கட்டு அண்ணன் ஒரு சிப்பாய். காட்பாடிப் பெண் மூலிகை தெரிந்த செண்பகம். என் தங்கை நாச்சி என்ற பால்காரி. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே கடிதம் சுமந்து ஓடும் பதினேழு வயதுப் பையன் வேலனாக ஆடினான்.

வேலனுக்கு டைஸில் விழுந்த பலம் 7. மூன்று டைஸில் 7 அல்லது அதற்குக் குறைவாக விழ வாய்ப்பு 16 சதவீதம்தான். தம்பி முகம் சுளிக்கவில்லை. வேலனை ஒரு பயில்வானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். விடியற்காலையில் கர்லா கட்டை சுற்றுவது, தண்டால் எடுப்பது. ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்ன நோட்டில் எழுதுவான்: ‘இன்று வேலன் கர்லா சுற்றினான். கை வலித்தது.’ ‘இன்று பெரிய கட்டையை எடுத்தான்.’ எட்டு மாதம் எழுதினான். படித்துக் காட்டும்போதெல்லாம் நானும் நன்றாக இருக்கிறது என்பேன். ஷீட்டில் 7 அப்படியே இருந்தது.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. கதையில் ஐப்பசி மாதம். பாலாற்றில் திடீர் வெள்ளம். காதரின் வண்டி மணலில் சாய்ந்து, அச்சுக்கு அடியில் அவர் கால் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தது வேலன் மட்டும். தண்ணீர் ஏறுகிறது. வண்டியைத் தூக்க ஒரே ஒரு ரோல் என்றேன். தம்பி மூன்று டைஸையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருந்தான். உருட்டினான். 4, 3, 2. கூட்டினால் 9.

எட்டு மாதக் கர்லாவுக்கு நான் இரண்டே புள்ளி கொடுத்திருந்தால் அந்த 9 வெற்றி. என் விதிப்படி தோல்வி. மற்றவர்கள் வந்து காதரை இழுத்துவிட்டார்கள். ஆனால் கால் நசுங்கிவிட்டது. தம்பி ஷீட்டைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு “சரிக்கா” என்றான். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது வாரம் போன் செய்தேன். “தோத்ததுல கஷ்டம் இல்லக்கா” என்றான். “எட்டு மாசம் எழுதுனேன். நீங்களும் தலையாட்டிக்கினே இருந்தீங்க. அதுக்கு அர்த்தமே இல்லனு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அர்த்தம் இல்லனா மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?”

என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது முழுக்க சரி.

நான் பிசியோதெரபிஸ்ட். உடம்பின் பலத்தை எண்ணாக எழுதுவதுதான் பகலெல்லாம் என் வேலை. தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை கிரேடு போடுவோம். அசைவே இல்லை என்றால் 0. தோலுக்கு அடியில் ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. காலின் எடையை நாங்கள் ஏந்திக்கொண்டால் அசைக்க முடிகிறது, ஆனால் தானாகத் தூக்க முடியவில்லை என்றால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தானே தூக்கினால் 3. நாங்கள் கையால் அழுத்தும்போதும் ஓரளவு தாங்கினால் 4. முழுப் பலம் 5.

அந்த போனுக்கு அடுத்த நாள் ஒருவருக்குத் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருக்களித்துப் படுத்து, கீழே என் கை ஏந்தியிருக்க, பல வாரமாக முழங்காலை நீட்டிப் பழகியவர் அவர். அன்று கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். நீட்டச் சொன்னேன். பாதம் தரையிலிருந்து மெல்ல எழும்பியது, நடுங்கியது, கால் நேராகும்வரை ஏறி நின்றது. சார்ட்டில் 2 இருந்த இடத்தில் 3 எழுதினேன். அவர் அழுதார். எழுதிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே வேலனை நினைத்தேன். பகலில் 2 மூன்றாக மாறுவதற்காகவே உழைக்கிறவள், சாயங்காலம் அது மாறவே முடியாத ஓர் உலகத்தைக் கட்டி அதில் ஒரு பையனை உட்கார வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க இரண்டு விஷயங்கள் மனதில் ஓடின. ஒன்று, ஓர் எண் ஏறுவதன் மதிப்பு அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கிரேடு 2-லிருந்து 3 ஆனால் அது ஓர் ஆளை நிற்க வைக்கும். 4-லிருந்து 5 ஆனால் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். மூன்று டைஸின் கணக்கும் அப்படித்தான். பலம் 7-லிருந்து 9 ஆனால் வெற்றி வாய்ப்பு 16 சதவீதத்திலிருந்து 37.5 ஆகிறது, இரண்டு மடங்குக்கு மேல். 10-லிருந்து 11 ஆனால் 50 சதவீதம் 62.5 ஆகிறது. 14-லிருந்து 15 ஆனால் கூடுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. இருபது முக டைஸில் இந்த வித்தியாசம் கிடையாது. எங்கே ஏறினாலும் அதே 5. முதல் ஆட்டத்தில் ஏற்றம் கைக்கு எட்டாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, ஸ்டாட்டும் ஸ்கில்லும் நாம் நினைப்பது போல உடம்பில் இரண்டு தனிப் பெட்டிகளில் இல்லை. ஒருவர் புதிதாக எடை தூக்கப் பழகினால் முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதல்ல. நரம்புகள் அந்த வேலைக்குத் தசையை ஒழுங்காகக் கூப்பிடக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை வளர்வது அதற்குப் பின்னால். அதாவது முதலில் ஸ்கில், பிறகு ஸ்டாட். இதை விதியாக்க முடியும் என்று தோன்றியது.

தம்பியை நேரில் போய்ப் பார்த்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அதே கதையை அதே ஆட்களோடு புது விதியில் தொடரலாம் என்றேன். காதரின் கால் திரும்பாது, வெள்ளம் நடந்தது நடந்ததுதான். அதற்கு அவன் ஒத்துக்கொண்டான். ஆற்றங்கரையில் தூக்க முடியாமல் போன வண்டிதான் இனி வேலன் கர்லா சுற்றுவதற்குக் காரணம் என்றும் அவனே சொன்னான்.

முதலில் செய்தது, லெவலையும் ஸ்டாட்டையும் பிரித்ததுதான். கதை நகர நகர ஸ்கில் ஏறும், ஆளுக்கு அனுபவம் கூடும். ஸ்டாட் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அதற்குக் கதைக்குள் விலை கொடுக்க வேண்டும். எங்கள் விதியில் ஒரு பருவம், அதாவது கதையில் மூன்று மாதம், என்ன பயிற்சி என்று சொல்லிச் செய்ய வேண்டும், அதற்காக எதையாவது விட வேண்டும். வேலன் காலை ஓட்டத்தை விட்டான். அந்தப் பருவத்துக் கூலி பாதியானது. முதல் பருவம் முடிந்தால் அந்த ஒரு செயலில் மட்டும் ஒரு புள்ளி சலுகை. இரண்டாவது பருவமும் தொடர்ந்தால்தான் ஸ்டாட்டுக்கு ரோல்.

அந்த ரோலில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று டைஸ் உருட்டி, இப்போதிருக்கும் ஸ்டாட்டை விட அதிகமாக விழுந்தால் ஒன்று ஏறும். 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் ஸ்கில் ஏறுவதற்கு இப்படியொரு வழி உண்டு: தெரிந்தது கூடக் கூட, மேலும் கற்பது கடினமாகும். அதை ஸ்டாட்டுக்கு எடுத்துக்கொண்டேன். 7-ல் இருப்பவர் ஏற வாய்ப்பு 84 சதவீதம். 10-ல் இருப்பவருக்குப் பாதிக்குப் பாதி. 14-ல் இருப்பவருக்கு 9 சதவீதம். 16-க்கு மேல் ஏறுவது அநேகமாக நடக்காது. உச்சவரம்பு என்று தனியாக எழுத வேண்டியதில்லை, டைஸே பிடித்து நிறுத்தும். அணைக்கட்டு அண்ணனுக்காக ஒரு வரம்பு மட்டும் சேர்த்தேன்: பிறப்பில் விழுந்த எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் யாரும் ஏற முடியாது. “ஆங், இது சரி. ஏர் மாடு ஏர் மாடுதான், ஆனா நல்ல ஏர் மாடு” என்றார்.

இதற்குள் காட்பாடிப் பெண் ஒரு ஓட்டையைக் காட்டினாள். ஸ்கில் எண் ஸ்டாட்டிலிருந்து பிறக்கிற ஆட்டங்களில், ஸ்டாட் ஒன்று ஏறினால் அதைச் சார்ந்த எல்லா ஸ்கில்லும் கூடவே ஏறிவிடும். கர்ப்ஸ் என்ற ஆட்டத்தின் நாலாம் பதிப்பை வைத்து விளக்கினாள். அதில் சுறுசுறுப்பை ஒன்று ஏற்ற 20 புள்ளி. நன்கு பழகிய ஸ்கில் ஒன்றை ஏற்ற 4 புள்ளி. ஆறு ஸ்கில் வைத்திருப்பவர் ஆறையும் தனித்தனியாக ஏற்றினால் 24, ஸ்டாட்டை ஏற்றினால் 20. பிறகு யார் ஸ்கில்லுக்குச் செலவழிப்பார்கள்? அதனால் எங்கள் ஆட்டத்தில் ஸ்கில்லை ஸ்டாட்டிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டோம். கட்டுப் போடும் செண்பகத்தின் எண் அவள் கட்டிய கட்டுகளிலிருந்து வருகிறது, அவள் சுறுசுறுப்பிலிருந்து இல்லை. நீங்கள் எந்த ஆட்டம் ஆடினாலும், ஸ்டாட்டை ஏற விடுவதற்கு முன்னால் இந்த ஒரு இடத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஒரு தவறும் நடந்தது. பயிற்சிக்குப் பருவம் வேண்டும் என்றதும், கதையை நிறுத்திவைத்து எல்லாரும் பயிற்சியே செய்ய ஆரம்பித்தார்கள். ‘இன்னும் ஒரு பருவம் போகட்டும்க்கா’ என்று இரண்டு ஞாயிறு கதையே இல்லாமல் போனது. பிறகு ஒரு காலண்டர் எழுதி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டினேன். நெல் அறுப்பு, மழை, கோட்டைக்குள் கைதிகள் வரும் நாள், புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு வரும் நாள். நீங்கள் கர்லா சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அவை நடக்கும். அதன் பிறகு எந்தப் பருவத்தை எதற்குச் செலவிடுவது என்பதே பெரிய முடிவாகிவிட்டது.

எல்லா ஸ்டாட்டும் ஏறலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பலமும் தாங்கும் சக்தியும் ஏறட்டும். புத்தியை நான் ஏற விடுவதில்லை. நாச்சிக்குப் புத்தி 6. என் தங்கை அவளை ஆடும் அழகே தனி. நாச்சி எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள், ஆனால் புரிந்ததை விட மாட்டாள், யாரிடமாவது ஏமாந்தது தெரிந்தால் ஆறு மாதம் கழித்தும் கணக்குக் கேட்பாள். புது விதி வந்தபோது செண்பகம் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு பருவம் முடிந்ததும், இவளுக்குப் புத்தி ரோல் தர வேண்டும் என்று காட்பாடிப் பெண் வாதாடினாள். அரை மணி நேரம் போனது. படிக்கத் தெரிவது ஸ்கில், புத்தி அல்ல என்று நான் சொன்னேன். அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்தவளை ஊரே வேறு மாதிரிப் பார்க்கும், அதற்கு ஒரு எண் வேண்டாமா என்று அவள் கேட்டாள். அது நல்ல கேள்வி. ஊர் பார்க்கும் பார்வைக்கு ஊருக்கு ஊர் தனி எண் வைத்தோம். ஆனாலும் என் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டேன், புத்தியை ஒன்று ஏற்றிக்கொள்கிறாயா என்று.

“வேணாம்க்கா. அவ இப்படியே இருக்கட்டும். ஏறுனா அவ வேற ஆளு” என்றாள்.

இந்த இடத்தில் ஜிஎம்மின் கருத்தை விட ஆடுகிறவரின் மனது பெரிது. வேலனுக்கு 7 என்பது அவன் தாண்ட நினைக்கும் சுவர். நாச்சிக்கு 6 என்பது அவளே. எது எது என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரே விதியை நீட்டுவதில்தான் நான் இரண்டு தடவையும் சறுக்கினேன். முதல் நாளே உட்கார்ந்து, உன் ஷீட்டில் எந்த எண் மாற வேண்டும் என்று ஆசைப்படுகிறாய், எந்த எண் மாறவே கூடாது என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

ஏறுகிற எண் இறங்கவும் வேண்டும். இதை ஆட்டக்காரர்கள் முதலில் விரும்பவில்லை. ஆனால் இரண்டு வாரம் படுத்த படுக்கையாக இருந்தவரின் தொடையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மாதக்கணக்கில் சேர்த்த பலம் சில வாரத்தில் கரையும். 1803-ல் வேலனுக்குக் கடும் காய்ச்சல். ஒன்பதுக்கு வந்திருந்த பலம் ஏழுக்கு இறங்கியது. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இந்த முறை ஷீட் கவிழவில்லை. காய்ச்சலில் இழந்தது மறுபடி பழகும்போது சீக்கிரம் திரும்பும் என்று விதி வைத்திருந்தேன். ஒரு பருவத்துக்கு ஒரு ரோல். உடம்பிலும் முன்பு பழகியது மீண்டும் வருவது முதல் தடவையை விட வேகமாகத்தான்.

கால் நசுங்கியதில் காதருக்கும் எண் இறங்கியது, அது திரும்பவில்லை. பாய் அதை வைத்து ஒரு முழுப் புது ஆளை உருவாக்கினார். குதிரையிலிருந்து இறங்காமலே பேரம் பேசும் காதர். இறங்கினால் நொண்டுவது தெரியும், விலை குறைப்பார்கள் என்பார்.

எங்கள் ஷீட்டில் இப்போது யாரும் ரப்பர் பயன்படுத்துவதில்லை. மருத்துவச் சார்ட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பழையது படிக்கிற மாதிரி விட்டு, பக்கத்தில் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் ஆட்டத்து ஷீட்களை எடுத்துப் பார்த்தால் அழித்து அழித்துத் தாள் மெலிந்து, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. 20 மட்டும்தான் மிச்சம். வேலனின் ஷீட்டில் பலம் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் கோடு போட்ட 7, கோடு போட்ட 8, கோடு போட்ட 9, மறுபடி ஒரு 7, ஒரு 8, கடைசியில் கோடு இல்லாத 9. ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் தேதி. இரண்டாவது 7-க்குக் கீழே ‘காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறான்.

கதை இப்போது 1806 ஆனி மாதத்தில் நிற்கிறது. வேலனுக்கு இருபத்து நாலு வயது. அடுத்த ஞாயிறு கோட்டைக்குள் அந்த இரவு வரும். தம்பி போன வாரம் போகும்போது படியில் நின்று கேட்டான்: “கோட்டைக் கதவுக்குத் தாழ் போடுற கட்டை எவ்வளவு கனம் இருக்கும்க்கா?”

ஒரு ஆள் தூக்கக்கூடியதுதான், ஆனால் சுலபமில்லை என்றேன். அவன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.